அடித்தல் திருத்தல்: எரிக் பிளேர் என்றொரு ஊழியர்

2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் யாங்கோனில் இருந்தேன். ரங்கூன் என்று சொன்னால்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். ஒரு நிறுவனத்தின் ஊழியர் விவரங்களையெல்லாம் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றித் தருவது எங்கள் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மனிதவளத் துறை என்று பலகை மாட்டிய அறையில் நாலு இரும்பு பீரோக்கள். உள்ளே நாடா கட்டிய கோப்புகள், மழை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அட்டைகள், துருப்பிடித்த குண்டூசிகள். கேட்பதற்குச் சுலபமான வேலைதான். தாள்களை ஸ்கேன் செய்ய வேண்டும். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும்.

சிக்கல் முதல் கட்டத்திலேயே தொடங்கியது. எங்கள் மென்பொருள் குடும்பப் பெயரைக் கேட்டது. பர்மியர்களுக்கும் நம்மைப் போலவே குடும்பப் பெயர் கிடையாது. அடுத்தது எழுத்துரு. தமிழில் திஸ்கி, தாப், யுனிகோட் என்று நாம் முன்பு பட்ட பாட்டை, ஸோஜி எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற அவர்கள் அப்போது பட்டுக்கொண்டிருந்தார்கள். இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்தோம். மூன்றாவது சிக்கல் முழுக்க என்னுடைய தவறு.

சோதனை ஓட்டத்தில், ஓர் ஊழியர் மூன்று வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டதாக அறிக்கை வந்தது. மனிதர் அன்று காலைகூட வேலைக்கு வந்திருந்தார். அந்தப் பிரிவில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊழியரின் அட்டையைத் தேடி எடுத்து வந்தார். பிறந்த தேதி ஒன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறொன்று எழுதி, சுருக்கொப்பம் போடப்பட்டிருந்தது. அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில், ஏன் மாற்றினார்கள், எந்தச் சான்றிதழைப் பார்த்து மாற்றினார்கள் என்று நாலு வரி. நான் வடிவமைத்த அட்டவணையில் பிறந்த தேதிக்கு ஒரே ஒரு கட்டம்தான். தட்டச்சு செய்தவர் தெளிவாகத் தெரிந்த முதல் தேதியைப் போட்டுவிட்டார். கணினியில் இந்த அட்டையின் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று மாலை பன்சோடான் தெருவின் நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் ஜார்ஜ் ஆர்வெல்லின் பர்மிய நாட்கள் நாவலை வாங்கினேன். மங்கலாக நகலெடுத்து அட்டை போட்ட பிரதி. ஆர்வெல் பர்மாவில் போலீஸ்காரராக இருந்தவர் என்பது தெரியும். ஆனால், நான் நின்றுகொண்டிருந்த அந்த ஊரின் அரசாங்கத்தில் அவரும் கோப்பு எண் கொண்ட ஓர் ஊழியராக இருந்தவர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம், முன்பக்கத்தில் இருப்பது எது, பின்பக்கத்தில் இருப்பது எது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தக் கட்டுரை அப்படிப் பார்த்ததுதான்.

*

எரிக் ஆர்தர் பிளேர் 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தார். அப்பா ரிச்சர்ட் பிளேர் அபினித் துறை அதிகாரி. இந்திய விவசாயிகள் விளைவித்த அபினியைச் சீனாவுக்கு விற்பதற்குப் பிரிட்டிஷ் அரசே ஒரு துறை வைத்து நடத்திய காலம் அது. அம்மா ஐடா பர்மாவில் மௌல்மீன் நகரில் வளர்ந்தவர். அவருடைய தந்தை அங்கே தேக்கு வியாபாரம் செய்த பிரெஞ்சுக்காரர். குழந்தைக்கு ஒரு வயதானபோது, 1904ல், அம்மா அதைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அப்பா ஓய்வு பெற்றுத் திரும்பியது 1912ல். ஆக, பிள்ளைக்கு விவரம் தெரிந்த வயதில் அப்பா என்பவர் தூர தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒரு பெயர். வளைகுடாவுக்கு அப்பாக்களை அனுப்பிவிட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் குறைந்த கட்டணத்தில் சேர்க்கப்பட்டார். உதவித்தொகை பெற்று 1917ல் ஈட்டன் பள்ளிக்குப் போனார். அங்கே படிப்பில் அக்கறை காட்டவில்லை. உதவித்தொகை இல்லாமல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பக் குடும்பத்தால் முடியாது. எனவே 1922ல் இந்தியப் போலீஸ் பணிக்கான தேர்வை எழுதித் தேறினார். ஈட்டனில் படித்தவர்கள் பொதுவாகப் போகாத வேலை. எந்த மாகாணம் வேண்டும் என்று கேட்டபோது பர்மாவை முதலில் குறிப்பிட்டார். பாட்டி மௌல்மீனில் இருந்தார், அதுதான் காரணம்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹெரிஃபோர்ட்ஷைர் என்ற கப்பலில் புறப்பட்டார். வழியில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு காட்சி. பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து வந்த கூலி ஒருவன் தகரப்பெட்டியைக் கொஞ்சம் கவனக்குறைவாகக் கையாண்டான். நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரப் போலீஸ்காரர் அவனை ஓங்கி உதைத்தார். கப்பலின் மேல்தளத்தில் நின்ற கனவான்களும் சீமாட்டிகளும் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பத்தொன்பது வயது எரிக்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1940ல் இதை எழுதினார். தன் நாட்டில் ஒரு சுமைதூக்கி உதைபட்டால் கோபப்படும் அதே மனிதர்கள் இங்கே ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பது அவர் மனத்திலிருந்து அகலவே இல்லை.

நவம்பர் இறுதியில் ரங்கூனில் இறங்கினார். அன்றைய ரங்கூன் பாதிக்கு மேல் இந்திய நகரம். 1931 கணக்கெடுப்பின்படி அங்கிருந்த 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், அரசு அலுவலகங்களில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள், வட்டிக்குக் கொடுத்த நகரத்தார் என்று எல்லாத் தட்டிலும் நம்மவர்கள் இருந்தார்கள். கோப்புகளைத் தயாரித்ததும், அடுக்கியதும், தேடி எடுத்ததும் பெரும்பாலும் இந்தியக் கைகள்தான்.

இனி பணிப்பதிவேட்டின் முன்பக்கம். மாண்டலே போலீஸ் பயிற்சிப் பள்ளியில் 1922 நவம்பர் முதல் சட்டமும் மொழிகளும் படித்தார். 1924 ஜனவரியில் ஐராவதி டெல்டாவில் மியாங்மியா. அதே ஆண்டின் நடுவில் ட்வாண்டே. டிசம்பரில், ரங்கூனுக்கு எதிர்க்கரையில் பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்த சிரியம். 1925 செப்டம்பரில் பெரிய சிறைச்சாலை இருக்கும் இன்சீன். 1926 ஏப்ரலில் மௌல்மீன். அந்த ஆண்டு டிசம்பரில் வடக்கே கதா. 1927ல் டெங்குக் காய்ச்சல். ஜூலையில் விடுப்பு. 1928 ஜனவரி 1 முதல் ராஜினாமா. பர்மிய மொழித் தேர்வில் தேர்ச்சி, இந்துஸ்தானியும் கரேன் மொழியும் தெரியும் என்பவை கூடுதல் தகுதிகள். ஐந்து வருடங்கள், ஏழு ஊர்கள். எந்த மென்பொருளிலும் பத்து வரிக்குள் அடங்கிவிடும். ஒரு தவறும் இருக்காது.

பின்பக்கத்தில் என்ன இருந்தது? 1924 நவம்பரில் ரங்கூன் பகோடா ரோடு ரயில் நிலையத்தின் படிக்கட்டில், விளையாடிக்கொண்டு ஓடிவந்த ஒரு பள்ளிச் சிறுவன் இந்த நெட்டை வெள்ளைக்காரர் மேல் மோதினான். கீழே விழுந்த எரிக் எழுந்து தன் கைத்தடியால் சிறுவனை அடித்தார். அங்கிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ரயில் பெட்டிக்குள்ளும் தொடர்ந்து வந்து வாதிட்டார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் மாங் டின் ஆங். பிற்காலத்தில் வரலாற்றாசிரியராகவும் ரங்கூன் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனவர். அவர் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. அப்படிச் சாட்சிக்கு ஒருவர் இல்லாத சம்பவங்கள் எத்தனையோ. மௌல்மீனில் ஆர்வெல் உண்மையிலேயே ஒரு யானையைச் சுட்டாரா, தூக்குத் தண்டனை ஒன்றை நேரில் பார்த்தாரா என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. ஆனால் வாதத்தைத் தீர்த்து வைக்கும் தாள் இல்லை.

*

விடுப்பில் ஊருக்கு வந்த மகன் வேலையை விடப்போவதாகச் சொன்னதும் வீட்டில் இடி விழுந்தது. பென்ஷன் உள்ள உத்தியோகம், அதுவும் அப்பாவைப் போன்ற அதிகார உத்தியோகம். எழுத்தாளனாகப் போகிறேன் என்று சொல்லும் மகனை எந்த ஊர் அப்பாதான் ஏற்றுக்கொள்வார்? எரிக் பிடிவாதமாக இருந்தார். அடக்குமுறை இயந்திரத்தில் ஒரு பல்லாக ஐந்து வருடம் சுழன்ற குற்ற உணர்வைக் கழுவ வேண்டியிருந்தது என்று பிறகு எழுதினார். லண்டனில் பிச்சைக்காரர்களோடு தங்கினார். பாரிஸில் ஓட்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினார். அந்த அனுபவங்கள் 1933ல் புத்தகமாக வந்தன. குடும்பத்துக்குத் தலைகுனிவு வேண்டாமென்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். ஜார்ஜ் என்பது சாதாரண ஆங்கிலப் பெயர். ஆர்வெல் என்பது சஃபோக்கில் ஓடும் ஓர் ஆறு.

பர்மிய நாட்கள் 1934ல் முதலில் நியூயார்க்கில் வெளியானது. அவதூறு வழக்கு வருமென்று லண்டன் பதிப்பாளர் பயந்தார். அடுத்த ஆண்டு சில பெயர்களை மாற்றிய பிறகே இங்கிலாந்தில் வந்தது. கதாதான் நாவலில் சௌக்டாடா என்ற ஊர். நாவலின் நாயகன் ஃப்ளோரி என்ற தேக்கு வியாபாரி. எனக்கு அதில் மறக்க முடியாத பாத்திரம் டாக்டர் வீராசாமி. பெயரைப் பார்த்தாலே தென்னிந்தியர் என்று தெரியும். அரசு மருத்துவர், நேர்மையானவர், ஆங்கிலேயர்மேல் அப்பாவித்தனமான பக்தி கொண்டவர். அவரை ஒழித்துக்கட்ட ஊ போ கியின் என்ற ஊழல் அதிகாரி கத்தியை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார். மேலதிகாரிகளுக்கு மொட்டைக் கடிதங்கள் போகின்றன. ஒன்றை யாரும் நம்பவில்லை. ஆனால் கடிதங்கள் குவியக் குவிய, நெருப்பில்லாமல் புகையுமா என்ற நினைப்பு கோப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் வீராசாமி பதவி இறக்கப்பட்டு மாண்டலே மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார்.

இந்தச் சதியை எழுதியவர் ஐந்து வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஓர் ஊழியரின் தலையெழுத்து அவருடைய வேலையில் இல்லை, அந்த வேலையைப் பற்றி யாரோ எழுதி வைக்கும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளை அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. மொட்டைக் கடிதம் நம் ஊர் அலுவலகங்களிலும் கை தேர்ந்த கலைதான். வீராசாமியின் வீழ்ச்சியைப் படிக்கும்போது எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரின் முகங்கள் வந்து போயின.

*

ஆர்வெல்லைப் பற்றியும் தாள்கள் சேர்ந்துகொண்டிருந்தன. 1936ல் சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கையைப் பற்றி எழுத விகன் நகருக்குப் போனபோதே உள்ளூர்ப் போலீஸ் அவரைக் கவனித்துக் குறிப்பு அனுப்பியது. அந்த வருட இறுதியில் ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனார். 1937 மே 20 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்து பிழைத்தார். அவர் சேர்ந்திருந்த இடதுசாரிப் பிரிவை ஸ்டாலின் ஆதரவாளர்கள் வேட்டையாடத் தொடங்கினார்கள். பார்சிலோனாவில் மனைவி எய்லீன் தங்கியிருந்த ஓட்டல் அறையைச் சோதித்துக் காகிதங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். இருவரும் தப்பித்து எல்லையைத் தாண்டினார்கள். சில வாரங்களில் கணவன் மனைவி இருவர்மேலும் ட்ராட்ஸ்கியவாதிகள் என்று குற்றம்சாட்டும் அறிக்கை ஒன்று தயாரானது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது ஸ்பெயினின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. ஆர்வெல் அதைப் பார்க்கவே இல்லை.

1938ல் லக்னோவில் வெளிவந்த பயனீர் பத்திரிகையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. லண்டன் இந்தியா அலுவலகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. திறமைசாலிதான், ஆனால் தீவிர இடதுசாரி, மன உறுதி வேறு இருக்கிறது, எனவே தொல்லை வரலாம் என்ற பொருளில் ஓர் அதிகாரி எழுதினார். காசநோய் முற்றி மருத்துவமனையில் படுத்துவிட்டதால் அந்தப் பயணமே நடக்கவில்லை. மன உறுதி ஒரு குறையாகக் கோப்பில் ஏறிய விசித்திரத்தை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது மறுபடியும் அரசு சார்ந்த ஓர் இடத்தில் ஊழியரானார். 1941 ஆகஸ்ட் 18 அன்று பிபிசியின் கிழக்குச் சேவையில், இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கச் சேர்ந்தார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய போர்ச் செய்தி விமரிசனங்கள் வங்காளம், மராத்தி, குஜராத்தி, தமிழ் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. லண்டன் வானொலியைத் தமிழில் கேட்ட நம் பாட்டன்மார் சிலர் ஆர்வெல்லின் வாசகங்களை அவர் பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள். 1942ல் அவர் தொடங்கிய வாய்ஸ் என்ற கவிதை நிகழ்ச்சியின் புகைப்படம் ஒன்று பிரசித்தமானது. டி.எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த், நாராயண மேனன் ஆகியோரோடு யாழ்ப்பாணத்துத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் அதில் இருக்கிறார். பின்னால் ஆர்வெல் நிற்கிறார்.

இந்தக் காலத்தில் ஒரே மனிதரைப் பற்றி இரண்டு மதிப்பீடுகள் எழுதப்பட்டன. 1942 ஜனவரியில் ஸ்காட்லாந்து யார்டின் சிறப்புப் பிரிவுச் சார்ஜண்ட் ஒருவர், இவர் முற்றிய கம்யூனிசக் கருத்துள்ளவர், அலுவலகத்துக்கும் நாடோடிக் கலைஞனைப் போல உடுத்திக்கொண்டு வருகிறார் என்று எழுதினார். உளவுத்துறை அதிகாரி ஒருவர் ஆர்வெல்லின் எழுத்துகளைப் படித்தவர் போலிருக்கிறது, அது சரியல்ல என்று மறுத்துக் குறிப்பு வைத்தார். அடித்துத் திருத்திய அந்தக் குறிப்பு மட்டும் இல்லாவிட்டால் ஆர்வெல்லின் பிழைப்பு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று 1943 ஆகஸ்டில் பிபிசி மேலதிகாரி எழுதிய ஆண்டு மதிப்பீடு. பழைய காலமாக இருந்தால் இவருக்குப் புனிதர் பட்டமோ தீயில் எரியும் தண்டனையோ கிடைத்திருக்கும், எதுவானாலும் கலங்காமல் ஏற்றுக்கொண்டிருப்பார் என்ற கருத்துப்பட அது அமைந்தது. நான் வேலை பார்த்த நிறுவனங்களில் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போடும் படிவங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் இந்த வாக்கியத்தை எழுத இடமே இருக்காது. அதே ஆண்டு நவம்பரில், பலனில்லாத வேலையில் காலம் போகிறது என்று சொல்லிவிட்டு ஆர்வெல் பிபிசியை விட்டு விலகினார்.

*

விலங்குப் பண்ணை 1945 ஆகஸ்டில் வெளியாகிப் புகழும் பணமும் கொண்டுவந்தது. எய்லீன் அந்த வருடம் மார்ச்சில் அறுவை சிகிச்சையின்போது இறந்துவிட்டிருந்தார். வளர்ப்பு மகனோடு ஸ்காட்லாந்தின் ஜூரா தீவுக்குப் போய், நுரையீரல் நோயோடு போராடிக்கொண்டே ஆர்வெல் தன் கடைசி நாவலை எழுதினார். 1949 ஜூன் 8 அன்று வெளிவந்தது. க.நா.சு. இந்த இரண்டு நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

1984 நாவலை எல்லோரும் கண்காணிப்பைப் பற்றிய கதையாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் பார்க்கும் உத்தியோகம் என்ன? அவன் ஆவணப் பிரிவின் குமாஸ்தா. பழைய செய்தித்தாள்களில் இன்றைய அரசுக்கு ஒத்துவராததைத் திருத்துவது அவன் வேலை. திருத்திய பிரதி கோப்பில் ஏறும். பழைய பிரதியும், திருத்தச் சொல்லி வந்த உத்தரவும் சுவரில் இருக்கும் ஒரு துவாரத்தின் வழியாக உலைக்குள் போய்விடும். வேண்டாதவர்கள் பதிவுகளிலிருந்து மறைந்து, பிறக்கவே பிறக்காதவர்கள் ஆகிவிடுவார்கள். ஒருநாள், அப்படி மறைந்த ஒருவரின் இடத்தை நிரப்ப, வின்ஸ்டன் ஓகில்வி என்ற வீரனைக் கற்பனையில் உண்டாக்குகிறான். நாலு வரி வாழ்க்கைக் குறிப்பும் இரண்டு போலிப் புகைப்படங்களும் போதும், வரலாற்றில் அவன் வாழ்ந்தவனாகிவிடுவான்.

தரவுத்தளம் வடிவமைப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். காகிதத்தை முழுவதும் பொய்யாக்க ஆர்வெல் ஒரு பெரிய அமைச்சகத்தையே கட்ட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள், குழாய்கள், உலைகள். ஒரு கட்டத்தில் இருக்கும் மதிப்பை மாற்றி எழுத எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை போதும். பழையது எரிவதுகூட இல்லை, புகைகூட வராது. அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான பதிவேட்டைப் பார்த்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இதே ஆர்வெல் ஒரு பட்டியலும் போட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்யூனிச ஆதரவாளர்கள் என்று தான் சந்தேகித்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 1949 மே மாதம், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரச்சாரப் பிரிவில் வேலை பார்த்த தோழி கேட்டதன் பேரில், 38 பெயர்களை அனுப்பினார். பிரச்சாரம் எழுதக் கூப்பிடக் கூடாதவர்கள் என்ற அளவில்தான் அந்தப் பட்டியல். அவர்களில் சிலரைப் பற்றிய அவர் சந்தேகம் சரியாகவும் இருந்தது. ஆனாலும் பட்டியலில் இருந்தவர்களுக்கு அது தெரியாது, மறுத்துச் சொல்ல இடமில்லை. வீராசாமியின் கதையை எழுதிய கைதான் இதையும் எழுதியது. மரணப் படுக்கையில் இருந்தவர், ஸ்பெயினில் அடிபட்டவர் என்று காரணங்கள் சொல்லலாம். நான் காரணம் தேடவில்லை. கோப்பு வைக்கும் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் இந்த ஆசை வரும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது என்று நினைக்கிறேன்.

1950 ஜனவரி 21 அன்று லண்டன் மருத்துவமனையில் ஆர்வெல் இறந்தார். வயது 46. சட்டன் கோர்ட்னி கிராமத்தில் உள்ள கல்லறைக் கல்லில் எரிக் ஆர்தர் பிளேர் என்ற பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே இருக்கின்றன. ஆர்வெல் என்ற பெயர் இல்லை. பணிப்பதிவேட்டின் முன்பக்கத்தைப் போன்ற கல்.

*

அவரைப் பற்றிய தாள்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் அனுப்பிய பட்டியல் 2003ல் வெளியானது. உளவுத்துறைக் கோப்பை 2007ல் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் திறந்துவிட்டது. அவை காகிதமாகப் பிழைத்துக் கிடந்ததால்தான், சார்ஜண்ட் எழுதியதையும் அதை மறுத்தவர் எழுதியதையும் சேர்த்து நாம் படிக்க முடிகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் அமைப்பாக இருந்திருந்தால், எது மிஞ்சியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

காகிதம்தான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வேன். 1941ல் பர்மாவில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் ஜப்பானியப் படையெடுப்பில் பெரும்பாலும் அழிந்துபோயின. அடுத்த வருடம் பல லட்சம் இந்தியர்கள், தமிழர்கள் உட்பட, அந்த நாட்டை விட்டுக் கால்நடையாகவும் கப்பலிலும் ஓடிவந்தபோது எத்தனை குடும்பங்களின் ஆதாரங்கள் காட்டு வழியில் போயின என்பதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மின்னணுக் கோப்புக்கும் வேறு வகை ஆபத்து உண்டு. இந்தியா அலுவலகத்தின் பழைய ஆவணங்கள் இன்று இருப்பது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகளைப் பணயக்கொள்ளையர்கள் தாக்கினார்கள். நூல்பட்டியல் மாதக்கணக்கில் முடங்கியது. நூலக ஊழியர்களின் மனிதவளக் கோப்புகள் திருடப்பட்டு, பணம் கொடுக்க மறுத்ததும் இணையத்தின் இருட்டு மூலையில் கொட்டப்பட்டன. நூறு வருடத்துக்கு முந்திய காலனி உத்தியோகஸ்தர்களின் தாள்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பாதுகாக்கும் இன்றைய ஊழியர்களின் அந்தரங்கம் சந்திக்கு வந்துவிட்டது.

மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒத்துழைக்க மறுத்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் மருத்துவர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். என்றைக்காவது அவர்கள் திரும்பி வரும்போது, எத்தனை வருடம் உழைத்தோம், ஏன் நீக்கப்பட்டோம் என்று காட்ட ஒரு பதிவு வேண்டியிருக்கும். பெயரை மட்டும் நீக்கிவிட்டு, நீக்கிய காரணத்தை வைத்திருக்காத பதிவேடு அவர்களுக்கு உதவாது.

எங்கள் வேலைக்குத் திரும்புகிறேன். அந்த அம்மா கேட்ட பிறகு அட்டவணையை மாற்றி அமைத்தோம். எந்த விவரத்தை மாற்றினாலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நாள், காரணம் என்று ஐந்தும் தனியாகச் சேரும். காரணம் எழுதாமல் திருத்த முடியாது. அட்டைகளின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்தோம். மூன்று வாரம் தாமதமானது, மேலிடத்தில் திட்டும் வாங்கினேன். கடைசி நாளன்று அந்த ஊழியரின் பக்கத்தைத் திறந்து, அடித்தலும் திருத்தலும் அப்படியே இருப்பதைக் காட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். இந்த வரியை யாராவது அழிக்க முடியுமா என்று கேட்டார். நிர்வாகக் கடவுச்சொல் வைத்திருப்பவர் நினைத்தால் முடியும் என்று உண்மையைச் சொன்னேன்.

பழைய கோப்புகளை மறுநாள் கிழித்துப் போடுவதற்காக வெளியே அடுக்கி வைத்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய், ஒவ்வொன்றாக நாடாவை இறுக்கிக் கட்டி, மறுபடியும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். நானும் கூட நின்று எடுத்துக் கொடுத்தேன்.